வித்தையும் ஈகையும்: அயோத்திதாசரின் சொற்பொருள் உரைகளும் கோலார் தங்கவயல் வாசகரும்

1. முன்னுரை

கற்றவர் தம் கல்வியைச் சமுதாயத்திற்குப் பயன்படுத்த வேண்டும் என்பது எவரும் மறுக்காத கூற்று. மறுப்பார் இன்மையாலேயே அஃது ஆராயப்படாமலும் போகின்றது. மருத்துவரின் கல்வி நோய் நீக்குகிறது. பொறியாளரின் கல்வி பாலம் கட்டுகிறது. சொல்லையும் நூலையும் கற்றவரின் கல்வி சமுதாயத்திற்கு எதைத் தருகிறது, தந்ததை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் வினாக்களுக்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற சான்று ஒன்று கோலார் தங்கவயலின் தமிழ் வரலாற்றில் உள்ளது. சென்னை இராயப்பேட்டையில் சித்த மருத்துவராக விளங்கிய க. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) தம் ஏட்டுக்கல்வியையும் பன்மொழி அறிவையும் கொண்டு சொற்களுக்குப் பொருள் உரைத்தார். அவ்வுரைகளை அவர் நடத்திய வார இதழ் பரப்பியது. அதனை வாங்கியும் படித்தும், பின்னர் அவர் நூல்களைத் தாமே அச்சிட்டும் காத்தவர்களுள் முதன்மையானவர்கள் தங்கச் சுரங்கங்களைச் சார்ந்து வாழ்ந்த தமிழ் மக்கள்.

அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சி குறித்து இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. அவர் கூறும் சொற்பிறப்புகள் மொழியியல் நெறிக்கு ஒவ்வாதவை. ஆகவே அவை ஆராய்ச்சி ஆகா என்பது ஒன்று. அவை ஒடுக்கப்பட்டோர் படைத்த மாற்று வரலாறு. ஆகவே அவற்றை மொழியியல் அளவுகோலால் அளத்தலே பொருந்தாது என்பது மற்றொன்று. முதற்கருத்து அவர் கல்வியின் பயனைக் காணத் தவறுகின்றது. இரண்டாங்கருத்து அக்கல்வியைப் பெற்ற வாசகரை மதிக்கத் தவறுகின்றது. சொற்பிறப்புகளைச் சோதித்து, பொருந்தாதவற்றைப் பொருந்தாதவை என்றே கூறிய பின்னரும் அவரது தொண்டில் எஞ்சி நிற்பது யாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. தங்கவயலும் அதன் வாசகரும்

கோலார் தங்கவயலில் பெருந்தொழிலாகச் சுரங்கம் அகழ்தல் 1880களில் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தின் மேலாண்மையில் வளர்ந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்னும் சுரங்கங்கள் அதன் பெரும் பிரிவுகள். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் இங்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் நெடுந்தொலைவு மின்சாரம் கொண்டுசெல்லப்பட்ட தொடக்க நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. நிலத்தடித் தொழிலாளருள் மிகப் பலர் வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இவ்வூரின் மொழிநிலை தனித்தன்மையுடையது. அரசு மைசூர் அரசு. அதன் நாட்டுமொழி கன்னடம். நிருவாகத்தின் மொழி ஆங்கிலம். தொழிலாளர் குடியிருப்புகளின் மொழி பெரும்பான்மையும் தமிழ். தெலுங்கும் உடன் வழங்கியது. எனவே இங்குத் தமிழ் எழுத்து என்பது அரசின் கட்டளைக்கோ நிறுவனத்தின் கணக்கிற்கோ உரியதன்று. தொழிலாளர் தமக்குள் பேசிக்கொள்வதற்கும், தம்மைப் பற்றித் தாமே எண்ணுவதற்கும் உரிய எழுத்தாக அது நின்றது.

ஒடுக்கப்பட்டோரின் தமிழ் இதழ் மரபு தங்கவயலுக்கு முற்பட்டது. 1869இல் வெளிவந்த சூரியோதயமும், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய பறையனும் அம்மரபில் குறிப்பிடத்தக்கவை. 1907 சூன் 19ஆம் நாள் அயோத்திதாசர் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைச் சென்னையில் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது தமிழன் எனப் பெயர் சுருங்கியது. 1898இல் அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளுள் மாரிகுப்பம் கிளை ஊக்கம் மிக்கதாய் விளங்கியது. எம். ஒய். முருகேசர், ஏ. பி. பெரியசாமிப் புலவர் முதலியோர் அவ்வியக்கத்தின் தங்கவயல் முகங்கள். அயோத்திதாசர் மறைந்தபின் சிறிது காலம் நடந்து நின்ற தமிழன் 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்கள் பல அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை வாயிலாக மறுபதிப்புப் பெற்றன.

1930ஆம் ஆண்டு தங்கவயல் தொழிலாளர் கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். இவ்வெதிர்ப்பிற்கு இதழே காரணம் என்று கூற இயலாது. எனினும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நிகழ்ந்த இரண்டையும் சேர்த்து நோக்குதல் தகும். நிறுவனம் தொழிலாளரை விரல் அடையாளத்தால் அறிய விரும்பிற்று. அவர்களுள் ஒரு பகுதியினரோ தம் பெயரின் பொருளை அச்சில் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

3. அயோத்திதாசரின் கல்வி

அயோத்திதாசரின் இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியராகிய வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராச பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். ஆசிரியர் பெயரைத் தாங்குதல் கல்வியைக் கடனாகக் கருதும் மரபின் அடையாளம். தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவருக்குப் பயிற்சி இருந்தது. தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் துரையிடம் ஏவலராக இருந்தபோது திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளை அவர்வழி எல்லிசுக்குக் கிடைக்கச் செய்தார் என அயோத்திதாசர் எழுதியுள்ளார். ஏடு பேணுதலும் ஏடு வழங்குதலும் தம் குடியின் தொழில் என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியிருந்ததை இக்கூற்று காட்டுகிறது.

1898இல் அவர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அதன்பின் அவரது எழுத்து முழுவதும் ஒரு கருத்தையே சுற்றி வந்தது. தீண்டத்தகாதார் எனப்பட்டோர் பழைய பௌத்தர். பௌத்தத்தின் வீழ்ச்சியே அவர்தம் வீழ்ச்சி என்பது அது.

அவர் எழுத்துகளில் வித்தை, புத்தி, ஈகை, சன்மார்க்கம் என்னும் நான்கு சொற்கள் ஒரு தொகுதியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றுள் வித்தை என்பது நூற்கல்வியை மட்டும் குறிப்பதன்று. கைத்தொழில் அறிவையும் உள்ளடக்கியது. நிலத்தடியில் பாறை துளைப்பவனும் மரத்தூண் நிறுத்துபவனும் இச்சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்பதில்லை. மேலும், வித்தை ஈகையோடு இணைத்தே கூறப்படுகிறது. கல்வி ஒருவருக்கு வாய்ப்பது. ஈகையால் அது பிறருக்கும் உரியதாகிறது. கல்வியைத் தொண்டோடு பிணைக்கும் இக்கருத்து அவர் நூல்களில் அறவுரையாகத் தனித்து நிற்பதில்லை. சொற்பொருள் உரைக்கும் செயலாகவே அது வெளிப்படுகிறது.

4. சொற்பிறப்புகளின் சோதனை

அயோத்திதாசரின் சொல் விளக்கங்களை ஒரே வகையாகக் கொள்ளுதல் பிழை. மூன்று சான்றுகள் மூன்று வகைகளைக் காட்டும்.

முதலாவது இந்திரர் என்னும் சொல். ஐம்பொறிகளை வென்றமையால் புத்தருக்கு ஐந்திரர் என்னும் பெயர் அமைந்தது. அதுவே இந்திரர் என மருவிற்று. அவர் பெயரால் இந்நாடு அழைக்கப்பட்டது என்பது இந்திரர் தேச சரித்திரத்தின் அடிப்படை. மொழியியல் நோக்கில் இதனை ஏற்க இயலாது. இந்திரியம் என்னும் சொல்லை இந்திரன் என்னும் சொல்லிலிருந்து பெறுவது பாணினியின் விளக்கம். இங்கோ பிறப்பின் திசை தலைகீழாகிறது. நாட்டின் பெயரோ சிந்து என்னும் ஆற்றுப்பெயர் பாரசீகத்தில் இந்து எனத் திரிந்து, கிரேக்கம் வழியாக மேலைமொழிகளை அடைந்ததன் விளைவு. எனினும் இவ்விளக்கம் வெறுங்கற்பனையில் எழுந்ததன்று. இந்திரனைப் பௌத்த இடங்களோடு சேர்த்துக் கூறும் மரபு தமிழில் உண்டு. சிலப்பதிகாரமும் மணிமேகலையும் காவிரிப்பூம்பட்டினத்து இந்திர விகாரங்களைக் குறிப்பிடுகின்றன. நூற்சான்று எழுப்பிய உண்மையான வினாவிற்குப் பொருந்தாத சொற்பிறப்பு விடையாக அளிக்கப்பட்டது என்பதே சரியான மதிப்பீடு.

இரண்டாவது பறையர் என்னும் பெயர். முரசாகிய பறையிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பது பரவலான கருத்து. கால்டுவெல்லும் அவ்வாறே கொண்டார். அயோத்திதாசர் பறைதல் என்னும் வினையை அடியாகக் கொண்டார். வேடதாரிகளின் பொய்யை மக்களுக்குப் பறைந்தவர் பறையர் எனப்பட்டனர் என்பது அவர் கருத்து. பறை என்பதற்குச் சொல்லுதல் என்னும் பொருள் தமிழிலக்கியத்தில் உண்டு. மலையாளத்தில் அஃது இன்றும் அன்றாட வினை. எனவே வடிவ அளவில் இவ்விளக்கத்தைத் தள்ள வேண்டியதில்லை. ஆயின் புறநானூற்று 335ஆம் பாட்டில் இப்பெயர் துடியன், பாணன் என்னும் இசைத்தொழிற் பெயர்களோடு சேர்ந்து வருகின்றது. அந்தச் சூழல் முரசுப் பொருளுக்கே வலுவூட்டும். இங்கு அயோத்திதாசரின் விளக்கம் வடிவத்தால் இயலக்கூடியது, சான்றால் நிறுவப்படாதது.

மூன்றாவது பிராமணன் என்னும் சொல். யதார்த்த பிராமணர், வேஷ பிராமணர் என அவர் செய்யும் பாகுபாடு சொற்பிறப்பு அன்று, பொருள் வரையறை. பிறப்பால் எவரும் பிராமணர் ஆவதில்லை, ஒழுக்கத்தால் ஆவர் என்னும் கருத்து தம்மபதத்தின் இறுதிப் பகுதியாகிய பிராமண வர்க்கத்தில் விரிவாகப் பேசப்படுகிறது. பாலி மரபில் வேரூன்றிய ஒரு வரையறையைத் தமிழுக்குக் கொணர்ந்து, அதன் எதிர்ச்சொல்லையும் அவர் அமைத்தார். இங்கு அவர் கூற்று நூற்சான்றுடையது.

ஆக, ஒன்று தவறு, ஒன்று நிறுவப்படாதது, ஒன்று சான்றுடையது. அயோத்திதாசரின் எழுத்திலோ இம்மூன்றும் ஒரே உறுதியோடு கூறப்படுகின்றன. அவரது முறையின் உண்மையான குறை இதுவே. தவறான சொற்பிறப்பு கூறியவர் அவர் ஒருவரல்லர். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் இந்தியமொழிகள் பலவற்றிலும் ஒலியொப்புமையையே சான்றாகக் கொண்டோர் பலர். அவருள் சிலர் பேரறிஞராகவும் போற்றப்பட்டனர். அவர்க்கு ஓர் அளவும் இவர்க்கு ஓர் அளவும் கொள்ளுதல் நடுவுநிலைமை ஆகாது. ஆயினும் முன்கலை திவாகரம், பின்கலை நிகண்டு என அவர் காட்டும் மூலங்களை மாரிகுப்பத்துத் தொழிலாளர் எடுத்துப் பார்க்க வழியில்லை. ஏடு ஆசிரியரிடம் உள்ளது, வாசகரிடம் இல்லை. அந்நிலையில் நூல் கூறுவது எது, தாம் ஊகிப்பது எது என்று பிரித்துக்காட்டும் கடமை ஆசிரியருக்கு மிகுகின்றது.

அம்பேத்கரை இங்கு ஒப்பிடலாம். தீண்டப்படாதோர் யார் என்பது பற்றி 1948இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், சான்றுகள் அறுந்த இடங்களில் தாம் கற்பனையின் துணையையும் கருதுகோளையும் கையாண்டதை அவர் வெளிப்படையாகக் கூறினார். இருவரும் இழந்த வரலாற்றைத் தேடியவர். இருவரும் பௌத்தத்தை அதன் திறவுகோலாகக் கண்டவர். ஊகத்தை ஊகம் என்று பெயரிட்டமையால் அம்பேத்கரின் கோட்பாடு வலிமை குன்றவில்லை. அதனோடு வாதிடும் உரிமை வாசகருக்குக் கிடைத்தது.

5. எஞ்சி நிற்கும் தொண்டு

சொற்பொருளின் காரணம் பார்த்தவுடன் விளங்குவதில்லை என்பது தொல்காப்பிய உரியியல் உணர்த்தும் கருத்து. இக்கருத்திற்கு இரு முடிவுகள் உண்டு. காரணம் விளங்காமையால் வழக்கை அப்படியே ஏற்பது ஒன்று. விளங்காமையாலேயே தேடுவது மற்றொன்று. சாதிப்பெயர்களைப் பொறுத்தவரை தமிழ்ச் சமுதாயம் நெடுங்காலம் முதல் வழியையே பின்பற்றியது. ஒரு பெயர் இழிவானது என்பது அப்பெயருக்கு உரியவராலும் இயற்கை எனக் கொள்ளப்பட்டது. இவ்விழிவு எப்போது வந்தது, யார் தந்தது, இதற்குமுன் இச்சொல் எதைக் குறித்தது என்னும் வினாக்களை அயோத்திதாசர் வாரந்தோறும் எழுப்பினார். அவர் தந்த விடைகளுள் பல நிற்பதில்லை. வினாக்கள் நிற்கின்றன. இழிவு சொல்லின் இயல்பன்று, வரலாற்றின் விளைவு என்பதை இன்றைய சமுதாய மொழியியலும் ஏற்கும்.

அவர் தேர்ந்த இலக்கிய வகையும் கருதத்தக்கது. திருக்குறளுக்கும் ஔவையாரின் நீதிநூல்களுக்கும் அவர் உரை எழுதினார். குறளைத் திரிபிடகத்தின் வழிநூலாகக் கொண்டு திரிக்குறள் என்றே வழங்கினார். அவ்வழக்கையும் குறளின் சமயம் பற்றிய அவர் முடிவையும் ஏற்போர் சிலரே. ஆயினும் உரை என்னும் வடிவம் முன்பு மடத்திலும் திண்ணையிலும் ஆசிரியர் மாணாக்கருக்குச் சொல்லியது. அதனை ஒரு பைசா இதழில் வைத்தபோது உரை கேட்போரின் எல்லை மாறிற்று. இதழில் வாசகரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் பகுதிகளும் அமைந்தன. ஐயம் எழுப்புதல் கீழ்ப்படியாமை அன்று, கற்றலின் உறுப்பு என்பதை அப்பகுதிகள் நடைமுறையில் உணர்த்தின.

பெயரிடுதலின் அரசியலையும் அவர் நன்கு அறிந்திருந்தார். 1911ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில் தம் மக்கள் பௌத்தர் எனப் பதிந்துகொள்ள வேண்டும் என்று தமிழன் வற்புறுத்தியது. கணக்கெடுப்புப் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதப்படும் சொல் ஒரு மக்கள் தொகுதியின் உரிமைகளைப் பாதிக்கும் என்பதை, அச்சொல்லைச் சுமப்பவருக்கு எடுத்துக் கூறுதல் மொழிக்கல்வியின் நேரடிப் பயன்.

6. இரண்டாம் காலம்

தமிழன் தொடங்கிய அதே 1907இல் பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் எனப் பொருள்படும் தம் ஆங்கில நூலை வெளியிட்டார். நரசு சென்னைக் கல்லூரிகளில் அறிவியல் கற்பித்தவர். பௌத்தத்தைப் பகுத்தறிவுக்கும் அறிவியலுக்கும் இசைந்த அறநெறியாக விளக்கியவர். 1948இல் அந்நூலை அம்பேத்கர் தம் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். ஏட்டுச்சுவடியில் வேரூன்றிய அயோத்திதாசரின் கல்வியும், கல்லூரியில் வளர்ந்த நரசுவின் கல்வியும் ஒரே இயக்கத்தில் அருகருகே இயங்கின. பழைய நூல்களிலிருந்து வரலாற்றை மீட்பது முன்னதன் முயற்சி. மரபென்று கூறப்படுவதையும் அறிவால் சோதிப்பது பின்னதன் முயற்சி.

1926 முதல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்திய தமிழன் இவ்விரண்டையும் பெற்றுக்கொண்டது. அயோத்திதாசரின் நூல்களைப் போற்றிய அவ்வட்டமே, 1925க்குப்பின் எழுந்த சுயமரியாதை இயக்கத்தின் கருத்துகளுக்கும் நெருக்கமாயிற்று. புராணக் கதைகளைப் பௌத்த நோக்கில் மாற்றி விளக்கும் முறையும், புராணம் என்னும் வகையையே மறுக்கும் முறையும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒரே ஊரின் வாசகர் அறிந்திருந்தனர் என்பதே கல்வியின் பயனை மதிப்பிடுவதற்கு ஏற்ற சான்று. அவர்கள் அயோத்திதாசரின் விளக்கங்களை மனப்பாடம் செய்து நின்றுவிடவில்லை. அவர் கற்பித்த வினவும் பழக்கத்தை அவர் செல்லாத இடங்களுக்கும் கொண்டு சென்றனர். தவறான சொற்பிறப்பு எளிய வாசகரை மயக்கிவிடும் என்னும் அச்சமும், எளிய வாசகருக்குச் சோதனை வேண்டா என்னும் பரிவும் இவ்வரலாற்றின்முன் ஒருங்கே வலிவிழக்கின்றன.

7. மொழிபெயர்ப்பாளருக்குரிய சில சிக்கல்கள்

ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் 1999இல் வெளியிடப்பட்டபின் அவர் எழுத்துகள் பரவலாகப் படிக்கப்பட்டன. ராஜ் கௌதமன், டி. தருமராஜ் முதலியோரின் நூல்கள் தொடர்ந்தன. அவ்வெழுத்துகளைப் பிறமொழிகளுக்குக் கொண்டு செல்வோர் சந்திக்கும் சிக்கல்கள் மேற்கூறிய வாதத்தோடு தொடர்புடையவை.

வேஷ பிராமணர் என்பதைப் போலிப் பிராமணர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் பெயர்ப்பது வழக்கம். போலி என்பது பண்டத்தின் தன்மையைக் குறிக்கும். வேடம் என்பது ஒருவர் கட்டிக்கொள்வது, களையக்கூடியது. தெருக்கூத்து வழங்கும் வடார்க்காட்டிலிருந்து வந்த மக்களுக்கு வேடம் கட்டுதல் கண்ணெதிரே நிகழும் செயல். பெயர்ப்பில் அச்செயல் மறையுமாயின் வாதத்தின் கூர்மையும் மறையும்.

யதார்த்தம் என்பது இன்றைய தமிழ்த் திறனாய்வில் ஓர் இலக்கியப் பாங்கின் பெயராகிவிட்டது. அயோத்திதாசரிடம் அஃது உள்ளது உள்ளவாறு, உண்மையான என்னும் பொருளையே தரும். வித்தை இன்று கழைக்கூத்தாடியின் திறனையும் கண்கட்டையும் குறிக்கும் அளவிற்குச் சுருங்கியுள்ளது. சன்மார்க்கம் என்றவுடன் இன்றைய வாசகருக்கு வள்ளலார் (1823–1874) நினைவிற்கு வருவார். அயோத்திதாசரிடம் அது பௌத்த நல்வழியைச் சுட்டும். புத்தி என்னும் சொல்லில் புத்தரின் பெயரும் உடன் ஒலிக்கிறது. இந்நான்கையும் நான்கு அகராதிச் சொற்களாக மாற்றுவதைவிட, ஒரு தொகுதியாகக் கொண்டு நூல் முழுவதும் ஒரே வகையில் பெயர்ப்பது தகும்.

சாதிபேதமற்ற திராவிடர் என்னும் தொடரில் அற்ற என்னும் பெயரெச்சம் இன்றியமையாதது. சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்னும் ஆங்கில வழக்குச் சாதியை மையமாக நிறுத்தி, மக்களை அதன் புறத்தே வைக்கிறது. அற்றவர் என்னும் தமிழ்த்தொடரோ சாதிபேதம் என்னும் குறை இவர்களிடம் இல்லை எனக் கூறுகிறது. ஒன்று இழப்பு, மற்றொன்று விடுதலை. இதனைப் போன்றதே தாழ்ந்தவர், தாழ்த்தப்பட்டவர் என்பவற்றிடையே உள்ள வேறுபாடு. தன்வினை செயலற்ற நிலையைக் கூறும். பிறவினையின் செயப்பாட்டு வடிவம் செய்தவர் ஒருவர் உண்டு என்பதை மறைவாகவேனும் உணர்த்தும். இலக்கண வகையொன்றே சமுதாயத் தீர்ப்பாகும் இடங்களில் பெயர்ப்பாளரின் இலக்கணக் கல்வி நேரடியாகத் தொண்டாகிறது.

சொற்பிறப்பு விளக்கங்களைப் பெயர்க்கும்போது ஒலியொப்புமையைக் காட்டும் மூலச் சொல்லை அப்படியே தந்து பொருளை உடன் கூறுதலே நேரிய முறை. ஐந்திரர், இந்திரர் என்னும் இணையைப் பெயர்த்தால் வாதமே காணாமற் போகும். தீபாவளி என்னும் சொல்லைத் தீபவதி என்னும் ஆற்றோடும் எள்ளெண்ணெய் கண்டறியப்பட்ட நாளோடும் அவர் இணைப்பதும் அத்தகையதே. விளக்கு வரிசை எனப் பொருள்படும் தீபம், ஆவளி என்னும் வடசொற்களே அப்பெயரின் உறுப்புகள் என்பதை அடிக்குறிப்பில் தருவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. குறிப்பின்றி விடுவதே, அவரை ஆராயப்படத் தகாதவராக ஆக்கிவிடும்.

8. முடிவுரை

கோலார் தங்கவயலின் சுரங்கப் பணி 2001 பிப்ரவரி இறுதியில் நிறுத்தப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு வாழ்ந்த தமிழர் படைத்த எழுத்தின் வரலாறு தங்கத்தின் வரலாற்றளவு எழுதப்படவில்லை. அவ்வெழுத்தின் ஒரு பகுதியே ஈண்டு நோக்கப்பட்டது.

அயோத்திதாசரின் சான்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. சொற்கல்வி சமுதாயத்திற்குப் பயன்படுவது சரியான விடைகளை வழங்குவதால் மட்டுமன்று. வினவும் உரிமையை அது மறுக்கப்பட்டவர்க்குப் பகிர்ந்தளிப்பதாலும் ஆகும். இப்பகிர்வை அவர் செய்தார்; தங்கவயல் வாசகர் அதனைப் பெற்று வளர்த்தனர். அதே வேளையில், சான்றையும் ஊகத்தையும் பிரித்துக்காட்டாத உரை, தான் அளித்த உரிமையின் ஒரு பகுதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இக்குறையைச் சுட்டுதல் அவர் தொண்டை மறுத்தலன்று; அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்தல்.

ஒடுக்கப்பட்டோரின் எழுத்தைப் பரிவினால் சோதனையிலிருந்து விலக்குவோர், அவ்வெழுத்தின் முதல் வாசகர் அதனைச் சோதித்துத் தாண்டிச் சென்றதை மறந்துவிடுகின்றனர். மொழியியலாளரும் மொழிபெயர்ப்பாளரும் தம் கல்வியை இவ்வெழுத்துகளுக்கு ஈந்து செய்யவேண்டிய பணிகள் தெளிவானவை: சிதறிய பதிப்புகளை ஒப்பிடுதல், மேற்கோள்களின் மூலங்களைத் தேடுதல், நிற்பதையும் நில்லாததையும் வகைப்படுத்துதல், தங்கவயலில் அச்சான தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் முறையான அட்டவணை அமைத்தல். ஒரு பைசாவிற்குக் கிடைத்த உரையை அதன் வாசகர் மதித்த அளவிற்கேனும் ஆராய்ச்சியுலகம் மதிக்குமாயின், அவ்வுரையைச் சரிபார்க்கும் உழைப்பையும் அது மேற்கொண்டாக வேண்டும்.